இரண்டு பேரும் வலது பக்கம் பார்த்தார்கள்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேமராவுக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் தவறு. சரியான பக்கம் உட்கார்ந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கிடைத்திருக்கும். என் அப்பாவும் இன்றுவரை, எங்கே போய் நின்றாலும் முதலில் குனிந்து தன் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு முன் மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"மனித வாழ்வில் உறவுகள் என்பவை—" வேண்டாம். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச வருவதுபோல் இருக்கிறது.

"அச்சகத்தின் காலைச் சங்கு ஊதியபோது அண்ணனும் தம்பியும்—" நான் அங்கே இல்லை. சங்கு இருந்ததா என்பதே தெரியாது. (பிறகு கேட்டேன். மணிதானாம்.)

"எனக்கு அப்போது இருபது வயது. உலகத்தையே ஒரு சட்டகத்துக்குள்—" ஐயோ.

ஆகவே, தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீடியோ வகுப்பு. ஏதாவது ஒரு தொழிலைப் பற்றி ஐந்து நிமிடப் படம் செய்து தர வேண்டும். குறைந்தது இரண்டு பேர் பேச வேண்டும். பின்னணிக் குரல் கூடாது, இசை கூடாது.

"மியூசிக்கப் போட்டு என்னை அழ வைக்கப் பாக்காதீங்க. உங்க எடிட்டிங்கைப் பாத்து ஏற்கெனவே அழுதுட்டுதான் இருக்கேன்" என்றார் எங்கள் லேப் மேடம்.

இரண்டு பேருக்கு ஒரு கேமரா. என் ஜோடியை வகுப்பில் எல்லோரும் ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம். கேமராவைக் கையில் பிடித்தால் இம்மியும் ஆடாது. வாய்தான் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

அந்த வருடம் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கதைக்குத் தேவை. வெள்ளை எது என்று கேமராவுக்கு முதலில் காட்டாவிட்டால், குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லோரும் மஞ்சள்காமாலை வந்தவர்கள்போல் தெரிவார்கள். ஃபேன் சத்தத்தை நம் காது மறந்துவிடும், மைக் மறக்காது. ஒருவர் பேச்சை நடுவில் வெட்டினால் படம் துள்ளும். துள்ளல் தெரியாமல் இருக்க அந்த இடத்தில் அவருடைய கையையோ சுவர்க் கடிகாரத்தையோ காட்ட வேண்டும். (நீங்கள் பார்த்த பேட்டிகளில் திடீரென்று ஒரு பூந்தொட்டி வந்தால், அங்கே ஏதோ ஒன்றை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.)

கடைசியாக, மிக முக்கியமாக: இரண்டு பேர் எதிரெதிரே பேசுவதுபோல் காட்ட வேண்டுமென்றால் ஒருவர் திரையின் வலது பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் இடது பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தால் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் இருக்கும்.

இதை நான் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

3

என்ன தொழில் என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று, காகிதம் வெட்டுவது. அப்பாவும் பெரியப்பாவும் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"வெட்டறதைப் பத்திப் படம் எடுத்து, அதையும் வெட்டுவோம்" என்றாள் ட்ரைபாட்.

இந்த இடத்தில் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய கட்டிங் மெஷின். தாள் கட்டை உள்ளே தள்ளி, கீழே இருக்கும் பெடலைக் காலால் மிதித்தால் ஓர் இரும்புப் பட்டை இறங்கித் தாளை அசையாமல் அழுத்திப் பிடிக்கும். அதற்குப் பிறகு இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்தியால் ஆபத்து வராமல் இருக்க அத்தனை ஏற்பாடு. பட்டையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு நாள், பெரியப்பாவின் வலது கை விரல்கள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது பட்டை இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் கணு போயிற்று. அப்பா அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றிருந்தார். பெடலை மிதித்தது யார் என்று நிர்வாகம் விசாரித்தது. பெரியப்பா, "நான்தான்" என்று எழுதிக் கொடுத்தார். அப்பா, "எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் வேலையை விட்டார். பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் வேலைக்குப் போனார். பசை, நூல், ஊசி. மோட்டார் உள்ள எதையும் அவர் தொடுவதில்லை.

அன்றிலிருந்து ஒன்பது வருடம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டே பஸ் நிறுத்தம். உறவில் ஏதாவது கல்யாணம் என்றால் ஒருவர் வாசல் பக்கம் நிற்பார், இன்னொருவர் சாப்பாட்டு வரிசைப் பக்கம் நிற்பார். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் போனில் பேசிக்கொள்வார்கள். அது தனி நாடு.

ஏன் பேசவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரியைப் படித்துவிட்டு அம்மா சண்டைக்கு வந்தார். "யாரும் கேக்கலன்னு எப்படி எழுதுவ? நான் நூறு தடவ கேட்டேன். 'விடு'ன்னு ஒரே வார்த்தை. எத்தனை தடவ விடறது?" சரி, திருத்திக்கொள்கிறேன். அம்மா கேட்டார். பதில் வரவில்லை.)

4

படத்துக்குப் பேச இரண்டு பேரும் தனித்தனியாகச் சம்மதித்தார்கள்.

"மெஷினைப் பத்தின்னா பேசறேன். அண்ணனைப் பத்தி எதுவும் கேக்கக் கூடாது" என்றார் அப்பா.

பெரியப்பா இப்போது அதே அச்சகத்தில் ஸ்டோர் பொறுப்பாளர். போனில் கேட்டபோது, "உங்கப்பனும் பேசறானா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, வா" என்றார்.

அப்பாவை வீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் பிடித்தோம். நாற்காலியில் உட்காருவதற்கு முன் வழக்கம்போல் குனிந்து தரையைப் பார்த்தார். நாங்கள் இதற்குப் பழகியவர்கள். ட்ரைபாட்தான், "அங்கிள், ஏதாவது விழுந்திருச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார்.

அடுத்த நாள் அச்சகத்து ஸ்டோரில் பெரியப்பா. சுற்றிலும் கூரை முட்ட அட்டைப் பெட்டிகள். நான் கேமராவுக்கு வலது பக்கம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். முந்தின நாள் அப்பாவிடமும் வலது பக்கம் உட்கார்ந்துதான் கேட்டிருந்தேன். (இங்கேதான் அந்தத் தவறு. நோட்டில் இரண்டு கோடு போட்டு என்ன பயன்?)

எல்லாம் முடிந்து மைக்கைக் கழற்றப் போகும் நேரத்தில் ட்ரைபாட் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க தம்பி மேல உங்களுக்குக் கோபமா அங்கிள்?"

நான் அவள் காலை மிதித்தேன். பெரியப்பா தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"அவன் மேல கோபம் இல்லன்னு சொன்னா பொய்" என்றார். அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

5

நான் செய்ததை இனி மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் நான் நல்லவளாகவே வந்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன்.

எடிட்டிங் லேபில் மதிய நேரம். படத்துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அப்பாவின் துண்டு ஒன்று, அதற்குப் பக்கத்தில் பெரியப்பாவின் துண்டு ஒன்று. "ரெண்டு பேரும் பேசிக்கற மாதிரி வெச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டது யார் என்பதில் எனக்கும் ட்ரைபாடுக்கும் இன்றுவரை தகராறு. நான்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா: "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

பெரியப்பா: "அவன் மேல கோபம் இல்ல."

அப்பா தலை குனிகிறார். (உண்மையில் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தார்.)

எங்கே வெட்டினேன் என்று பார்த்தீர்களா? தமிழில் இது ஆபத்தான சுலபம். நம் வாக்கியத்துக்கு உயிர் கடைசியில் இருக்கிறது. வாலை நறுக்கினால் போதும், ஆளே மாறிவிடுவார். 'கோபம் இல்ல' வரைக்கும் வைத்துக்கொண்டேன். 'ன்னு சொன்னா பொய்' தரையில் விழுந்தது.

ஓடவிட்டுப் பார்த்தோம். ட்ரைபாட் மூக்கை உறிஞ்சினாள். நானும் அழுதேன். நானே வெட்டி ஒட்டிய பொய்யைப் பார்த்து நானே அழுதேன். ஒன்பது வருடமாக வீட்டில் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை அது. காதால் கேட்டதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பேரும் வலது பக்கம் பார்த்தார்கள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று ட்ரைபாட் ஒரு பொத்தானை அழுத்தினாள். பெரியப்பாவின் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொண்டது. இப்போது அவர் இடது பக்கம் பார்த்தார். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர்.

6

லேப் மேடம் இரண்டு முறை பார்த்தார். முதல் முறை நின்றபடியே பார்த்தார். இரண்டாவது முறை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவருக்கு எந்தக் கையில அடிபட்டிருக்கு?"

"வலது கை, மேடம்."

"இங்க இடது கைல இருக்கு."

பார்த்தேன். பெரியப்பாவின் காயத்தை நான் ஒரு கையிலிருந்து எடுத்து இன்னொரு கையில் வைத்திருந்தேன். பின்னால் அட்டைப் பெட்டிகளில் எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் புழுக்கள்போல் நெளிந்தன. இரண்டு நாளாக அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

"அப்புறம், இங்க." மேடம் 'இல்ல' என்ற இடத்தில் நிறுத்தினார். "வாய் இன்னும் திறந்திருக்கு பாரு. அடுத்த வார்த்தை என்ன?"

ட்ரைபாட் என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"'ன்னு சொன்னா பொய்'" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ரெண்டு நாள் இருக்கு. திரும்பப் போய் எடுத்துட்டு வாங்க. அப்புறம், படத்துல வர்றவங்க முழுசாப் பாத்துக் கையெழுத்துப் போடணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டார்.

கையெழுத்து. அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பொய்யை அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பேன். அவர் நம்பியிருப்பார். அப்புறம் ஏதோ ஒரு கல்யாணத்தில் வாசல் பக்கத்திலிருந்து சாப்பாட்டு வரிசைப் பக்கம் நடந்து போய், "கோபம் இல்லன்னு சொன்னியாமே அண்ணே" என்று—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் முடிக்க வேண்டாம்.

7

மறுநாள் காலை மறுபடி ஸ்டோர். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கம் மாறியதை, கை மாறியதை, 'பொய்'யை வெட்டியதை.

பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கை மாறிய இடத்தில் சிரித்தார். "எனக்கே தெரியாம இடது கைக்கு மாத்திட்டியா? நல்லாருக்கே!" வெட்டிய இடத்தில் சிரிப்பு நின்றது.

"ஏன்மா அப்படிப் பண்ணின?"

"கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு பெரியப்பா."

(இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதையில் இவர் அளவுக்கு மீறி நல்லவராகத் தெரிகிறாரா? உண்மையில் இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்டோரில் ஒரு ரீம் தாள் குறைந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெரியம்மா சமையலில் உப்பு கூடினால் ஊருக்கே சொல்வார். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

"முழுசாச் சொல்றேன். முழுசாப் போடு" என்றார்.

ட்ரைபாட் இந்த முறை கேமராவை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்தாள். "ரெண்டு கையும் தெரியணும். இனி எந்தக் கையும் எந்தப் பக்கமும் போகக் கூடாது." அப்படித் தள்ளி வைத்ததால் பெரியப்பா தலை முதல் பாதம் வரை சட்டகத்துக்குள் வந்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன்.

"கோபம் என்னன்னா, ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவதான் வந்தான். கட்டில் பக்கத்துல நின்னு தரையவே பாத்துட்டு இருந்தான். என் மூஞ்சியப் பாக்கல. போயிட்டான். வேலையையும் விட்டுட்டான். பதினாலு வருஷம் மெஷின்ல நின்ன அண்ணன் இப்படி முட்டாள்தனமாப் பண்ணிட்டானேன்னு வெறுத்துட்டான் போலன்னு நினைச்சேன். எனக்கே என்மேல வெறுப்புதான். ஆனா அவன் என் தம்பி. அவனும் வெறுக்கணுமா?"

"என்ன முட்டாள்தனம் பெரியப்பா?"

"செருப்பு." வலது காலை நீட்டினார். "அன்னிக்குன்னு பாத்து வார் அறுந்துருச்சு. குனிஞ்சு பாக்க நேரம் இல்ல, கட்டு பாதி உள்ள இருக்கு. கையால தாளைத் தட்டிக்கிட்டே, கால் கட்டை விரலால செருப்ப உள்ள இழுத்துடலாம்னு பாத்தேன். இப்படி." பாதத்தைத் தரையில் தேய்த்துக் காட்டினார். "வழுக்கிட்டுப் போய் நேரா பெடல் மேல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அப்ப பெடலை மிதிச்சது நீங்கதானா?"

"பின்ன யாரு? அன்னிக்கே எழுதிக் கொடுத்தேனே!" என்றார் பெரியப்பா. இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

திரும்பி ட்ரைபாடைப் பார்த்தேன். அவள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல் இருந்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

8

லேபுக்குத் திரும்பி அப்பாவின் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். முன்பு நான் தேவையில்லை என்று ஒதுக்கிய ஒரு துண்டு அதில் இருந்தது. பாதுகாப்பு பற்றி ஏதோ பொதுவாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"பெரிய கட்டு தூக்கிட்டு நிக்கும்போது கீழ பாக்க முடியாது. கால் எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது. நாம எதை மிதிச்சோம்னு நமக்கே தெரியாது" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்க்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் நிறுத்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போயிருப்பார். எனக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது: அப்பா ஒன்பது வருடமாக, தன் அண்ணன் விரல்களை நசுக்கியது தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் 'நான்தான்' என்று எழுதிக் கொடுத்தது தம்பியைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றும் நம்பிக்கொண்டிருந்தார்.

9

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசைமேல் லேப்டாப். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெரியப்பாவின் புதிய பதிவை, எதையும் வெட்டாமல், அப்படியே காட்டினேன்.

'என் மூஞ்சியப் பாக்கல' என்ற இடத்தில் அப்பா மூக்கைத் தேய்த்துக்கொண்டார். செருப்பு வந்தது. பாதம் தரையில் தேய்ந்தது.

"நிறுத்து" என்றார். "திரும்பப் போடு."

போட்டேன். இன்னொரு முறை போட்டேன்.

"இதை வெட்டினியா?"

"இல்லப்பா. அப்படியே இருக்கு."

"முன்னாடி, பின்னாடி எல்லாம் காட்டு."

முப்பத்தெட்டு நிமிடம். ட்ரைபாட் லென்ஸ் மூடியைத் தேடும் சத்தம், நான் தும்மியது, யாரோ ஸ்டோருக்குள் வந்து பசை டப்பா கேட்டது எல்லாவற்றையும் அப்பா அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ நான் இல்லையா?"

அம்மா ஈரக்கையோடு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். "எது நீங்க இல்ல?"

"பெடல்."

அப்பா சொன்னார். வரிசையாக இல்லை. முன்னும் பின்னுமாக, பாதிப் பாதி வாக்கியங்களாக. அம்மா நின்றுகொண்டே கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"இதையா ஒன்பது வருஷமா மனசுல வெச்சுட்டு இருந்தீங்க? வாயைத் தொறந்து அவரையே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா, 'நீ இல்லடா'ன்னுதான் சொல்லுவாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாரு. அவரைத் தெரியாதா உனக்கு?"

"இப்ப மட்டும் எப்படி நம்பறீங்க?"

(நீங்களும் இதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். கேமரா முன்னால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தப் பாவத்தைச் செய்தவள் நான்.)

அப்பா எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "செருப்பு" என்றார். "ஆஸ்பத்திரில துணிமணி எல்லாம் ஒரு பைல போட்டு என்கிட்டதான் குடுத்தாங்க. அண்ணி வீட்டு வாசல்ல வெச்சுட்டு வந்தேன். வலது செருப்புல வார் அறுந்து கிடந்தது. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டப்ப அறுந்ததுன்னு நினைச்சேன். என் கையால எடுத்து வெச்சேன். அதைப் பாத்தேன். பாத்துட்டும்…"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பையை அப்பா கையில் வாங்கியது பெரியப்பாவுக்குத் தெரியாது (பெரியம்மாவிடம் பிறகு கேட்டேன்). பெரியம்மா கொண்டுவந்ததாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அறுந்த வாரைத் தம்பி பார்த்தது தெரியாமலே சொல்லியிருக்கிறார், ஆகவே அவர் தம்பிக்காகக் கட்டிய கதையாக அது இருக்க வழியில்லை.

அம்மா கையைத் துடைக்காமலே அப்பாவின் தோளில் வைத்தார். சட்டையில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்தன.

பிறகு அப்பா சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று மூன்று மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மா இரண்டு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் தூங்கறாரு" என்று என்னிடம் வந்து சொன்னார்.

10

நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார். பஸ்ஸில் போனோம். பெரியப்பா வீடு இரண்டாவது மாடி. படியில் அப்பா முன்னால், நான் பின்னால். மணியை அடித்துவிட்டு என் தோள்பையைப் பார்த்தார்.

"அதுல கேமரா இருக்கா?"

"இருக்குப்பா."

"நீ வெளியில இரு."

பெரியப்பாதான் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா உள்ளே போனார். பெரியம்மா தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னோடு படியில் உட்கார்ந்தார். "பேசட்டும்" என்றார்.

இருபத்தைந்து நிமிடம்.

உள்ளே என்ன நடந்தது என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா அண்ணனின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யார் கையையும் அப்படிப் பிடிப்பதில்லை. தோளில் ஒரு தட்டு விழுந்தாலே அது பெரிய விசேஷம். அழித்துவிட்டேன். இன்னொன்றில் இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ட்ரைபாட் (இப்போது அவள் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறாள், இன்னும் கை ஆடுவதில்லை) போனில் சொன்னாள்: "ஒன்பது வருஷம் பேசாதவங்க உள்ள போயும் பேசாமயா இருப்பாங்க? அதுக்கு எதுக்குடி பஸ் ஏறி வரணும்?" நியாயம்தான். மூன்றாவதில் பெரியப்பா—

வேண்டாம்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கதவு திறந்தது. பெரியப்பா முதலில் வந்தார். "இவன் என்ன, கேட்டதையே நாலு தடவ கேக்கறான்?" என்று பெரியம்மாவிடம் முறையிட்டார். பின்னாலேயே வந்த அப்பாவின் முகத்தில் சின்ன வயது போட்டோவில் மட்டுமே நான் பார்த்த ஒரு தெளிவு இருந்தது. "பசிக்குது அண்ணி" என்றார்.

படத்தைக் கேட்பீர்கள். இரண்டு பேரையும் பேசிக்கொள்வதுபோல் நான் ஒட்டவில்லை. பெரியப்பா தன் பங்குக்குப் பேசினார், அப்பா தன் பங்குக்குப் பேசினார், நடுவில் இயந்திரம் ஓடியது. ஐந்து நிமிடம் கேட்ட இடத்தில் ஏழு நிமிடம் ஆயிற்று. பத்துக்கு ஏழு மதிப்பெண். 'நீளம்' என்று லேப் மேடம் சிவப்பில் எழுதியிருந்தார். கையெழுத்துத் தாளில் இரண்டு பேரும் ஒரே பேனாவால் போட்டார்கள். இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பாதி நாள் சண்டை. எந்தப் பசை நன்றாக ஒட்டும் என்பது போன்ற விஷயங்களில்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி அவர்களிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று பயம். எனக்கு அது தெரியாமல் இருப்பதே நிம்மதியாக இருக்கிறது. உங்களுக்கு மூடிய கதவோடு கதை முடிந்தால் பிடிக்காது என்றால் நீங்களே உள்ளே போய் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களை உட்கார வையுங்கள், நிற்க வையுங்கள், சிரிக்க வையுங்கள், வேண்டுமானால் ஒருவரையாவது கொஞ்சம் அழவும் விடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரில் யாரையும் மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள். அந்த அறைக்குள் தப்பு செய்த ஆள் யாரும் இல்லை.